ஆகாய மார்க்கங்களும் ரேடியோவும்

2025-ம் வருஷம் நவம்பர் மாதம் 6, 7 தேதிகளில் தில்லி விமான நிலையத்தில் நூற்றுக்கணக்கான விமானங்கள் நேரத்துக்குப் புறப்பட முடியாமல் நின்றன. புயல் அடிக்கவில்லை. வேலைநிறுத்தமும் இல்லை. விமானங்களில் ஒரு திருகாணிகூடக் கழன்றிருக்கவில்லை. ஒவ்வொரு விமானத்தின் பிரயாணத் திட்டத்தையும் நிலையத்துக்கு நிலையம் தானாகவே அனுப்பிவரும் செய்தி யந்திரத் தொகுதி ஒன்று செயலற்றுப் போயிற்று, அதுவே காரணம். கட்டுப்பாட்டு உத்தியோகஸ்தர்கள் பழைய காலத்துத் தந்தி குமாஸ்தாக்களைப் போல ஒவ்வொரு திட்டத்தையும் கையால் எடுத்துக் கொடுத்து வேலையை நடத்தினார்கள். பத்திரிகைகள் இரண்டு நாள் எழுதின. மூன்றாம் நாள் அவற்றுக்கு வேறு விஷயம் கிடைத்துவிட்டது. இச்சம்பவத்தை அவ்வளவு சுலபமாக விட்டுவிட நாம் தயாராக இல்லை. யுத்தத்துக்குப் பின் சர்வதேச விமானப் போக்குவரத்து ஆரம்பமான நாளில் எது முதற் பிரச்னையாக இருந்ததோ, அதுவே எண்பது வருஷங்களுக்குப் பின்னும் முதற் பிரச்னையாக இருக்கிறது என்பதை அது காட்டிவிட்டது. விமானத்துக்கும் தரைக்கும், தரையில் ஒரு நிலையத்துக்கும் மற்றொரு நிலையத்துக்கும் இடையே பேச்சு அறுந்தால், எத்தனை கோடி ரூபாய் விமானமும் நின்ற இடத்தில் நிற்க வேண்டியதுதான்.

தில்லிக்காரர் கவலை நமக்கு எதற்கு என்று தென்கோடியில் இருப்பவர்கள் நினைக்கலாகாது. தேசப்படத்தை எடுத்துத் திருவனந்தபுரத்துக்கும் சென்னைக்கும் இடையே ஒரு நேர்கோடு கிழித்துப் பாருங்கள். அக்கோடு மேற்கு மலைத் தொடரைத் தாண்டித் தமிழ்நாட்டுச் சமவெளியில் இறங்கியதும் முதலில் தட்டுப்படும் ஊர்களில் ஒன்று புளியங்குடி. எலுமிச்சை மூட்டை ஏற்றி இறக்கும் அவ்வூர்ச் சந்தைக்கும் ஆகாய மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால், சம்பந்தம் தலைக்கு மேலேயே இருக்கிறது. அந்தக் கோட்டில் வரும் விமானம் அவ்விடத்தில் திருவனந்தபுரத்தை விட்டுச் சுமார் 90 கிலோமீட்டர் வந்திருக்கும்; சென்னைக்கு இன்னும் 500 கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். விமானிகள் தரையோடு பேசப் பயன்படுத்தும் வி.எச்.எஃப். என்னும் மிகக் குறுகிய அலை, கண் பார்வையைப் போல நேராகச் செல்வது. பூமியின் வளைவோடு வளைந்து போகாது. 10,000 அடி உயரத்தில் பறக்கும் விமானத்தை அது சுமார் 225 கிலோமீட்டர் வரையில் எட்டும். 35,000 அடிக்கு ஏறினாலும் 420 கிலோமீட்டருக்குச் சிறிது கூடுதல்தான். ஆகவே புளியங்குடிக்கு மேலே பிரயாணி விமானம் எவ்வளவு உயரத்தில் போனாலும், சென்னையில் நின்று கூப்பிடுகிறவர் குரல் நேரே அங்கே போய்ச் சேராது. விமானம் தாழப் பறந்தாலோ திருவனந்தபுரத்தின் குரலை மலை மறைத்துவிடும். இடைவழியில் ரேடியோ நிலையங்களை வைத்து, அவற்றைச் சென்னையோடு பிணைத்திருப்பதால்தான் சென்னை உத்தியோகஸ்தர் சொல்வது விமானிக்குக் கேட்கிறது. அந்த இடை நிலையம் ஒன்று அணைந்தால், மேலே பறப்பவர் குருடராகவும் கீழே இருப்பவர் செவிடராகவும் ஆகிவிடுவார்கள்.

இந்த வட்டாரத்துக்கும் கடல் கடந்த நாடுகளுக்கும் உள்ள உறவு நேற்று உண்டானதல்ல. கடையநல்லூரிலிருந்தும் தென்காசியிலிருந்தும் சிங்கப்பூர் சென்று குடியேறியவர்கள் அங்கே தங்கள் ஊர்ப் பெயராலேயே சங்கம் வைத்து வாழ்ந்திருக்கிறார்கள். 1926-ல் கட்டப்பட்ட ரஜூலா கப்பல், 1970-களின் தொடக்கம் வரையில், சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம்மவர்களைச் சுமந்து சென்றது. பல நாட்கள் பிடித்த அந்தக் கடற்பிரயாணம் இன்று சென்னையிலிருந்து நான்கு மணி நேரத்துச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. ஆனால் கப்பலுக்கு ஒரு வசதி உண்டு. திசை சந்தேகமானால் நின்று யோசிக்கலாம், நங்கூரம் பாய்ச்சலாம், பொழுது விடியட்டும் என்று காத்திருக்கலாம். விமானத்துக்கு நிற்பது என்பதே இல்லை. எண்ணெய் தீருமுன் அது எங்காவது இறங்கியாக வேண்டும். எங்கே என்று யாராவது சொல்லியாக வேண்டும். கப்பலுக்குக் கலங்கரை விளக்கம் எதுவோ அதுவே விமானத்துக்கு ரேடியோ என்று சொல்வது போதாது. விளக்கமும் அதுவே, மாலுமியின் திசைகாட்டியும் அதுவே, துறைமுக அதிகாரியின் உத்தரவும் அதுவே.

ஆதியில் இவையெல்லாம் இல்லாமலேதான் பறந்தார்கள். 1932-ம் வருஷம் அக்டோபர் 15-ந் தேதி ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய் ஜூஹு மைதானத்துக்குத் தபால் மூட்டைகளுடன் ஓட்டிவந்த சிறு விமானத்தில் ரேடியோ கிடையாது. பம்பாயிலிருந்து நெவில் வின்ஸென்ட் அத்தபாலைப் பல்லாரி வழியாகச் சென்னைக்குக் கொண்டுவந்தார். ஆற்றையும் ரயில் பாதையையும் பார்த்துப் பறப்பதே அக்காலத்து முறை. 1935-ல் பம்பாய் – திருவனந்தபுரம் மார்க்கம் திறந்தது. 1938-ல் தபால் விமானம் கொழும்பு வரை நீண்டது. பகலில், நல்ல வானத்தில், உயிருக்குத் துணிந்த ஓரிரு விமானிகள் மட்டும் போகும் வரையில் இது சரி. மனிதர்களை இரவும் பகலும், மழையிலும் மேகத்திலும், டிக்கட்டில் அச்சிட்ட நேரப்படி கொண்டுபோக வேண்டுமென்றால், தைரியத்தை மட்டும் நம்பிப் பயனில்லை.

யுத்த காலத்தில் ரேடியோ விஞ்ஞானம் பத்து வருஷ வளர்ச்சியை ஒரே வருஷத்தில் கண்டது. ஆனால் அது படைகளின் சொத்தாகவே இருந்தது. அதோடு, பேசாமல் இருப்பதும் யுத்தத்தின் ஒரு தந்திரமாயிற்று. 1943 முதல் 1945 வரை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்துக்கும் இலங்கையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கல ஏரிக்கும் இடையே குவாண்டாஸ் கம்பெனியின் கட்டலினா கடல் விமானங்கள் 271 முறை இந்து மகா சமுத்திரத்தைத் தாண்டின. ஒரு பிரயாணத்துக்கு 27 மணி முதல் 33 மணி வரை பிடிக்கும். ஒரே பிரயாணத்தில் இரண்டு சூரியோதயங்களைக் காணலாம். ஜப்பானியருக்குத் தெரியாதிருக்க வேண்டி ரேடியோவில் வாய் திறக்காமல், நட்சத்திரங்களைப் பார்த்தே வழி கண்டார்கள். ஒரு விமானமும் சேதமாகவில்லை. இது பாராட்ட வேண்டிய சாதனையே. ஆயினும் அந்த விமானங்கள் ஏற்றிச் சென்ற பிரயாணிகள் முறைக்கு மூன்றே பேர் என்பதையும், அச்சமுத்திரத்துக்கு மேலே அவற்றோடு மோதுவதற்கு வேறு விமானமே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். சமாதான காலத்து மார்க்கத்தில் மௌனம் விரதமல்ல, விபத்து.

யுத்தம் முடியுமுன்னரே, 1944 நவம்பரில், சிக்காகோ நகரில் விமான மகாநாடு கூடியது. டிசம்பர் 7-ந் தேதி 52 நாடுகள் உடன்படிக்கையில் கையொப்பமிட்டன. இந்தியா அப்பொழுது அடிமை நாடு. எனினும் அதன் பெயரும் அவற்றில் ஒன்று. எவர் எந்த நாட்டுக்கு மேலே பறக்கலாம், எங்கே பிரயாணிகளை ஏற்றலாம் என்ற ஆகாய சுதந்திரங்களைப் பற்றி அமெரிக்காவும் பிரிட்டனும் அங்கே முட்டி மோதிக்கொண்டன. சரித்திரக்காரர்கள் அந்தச் சண்டையையே பெரிதாக எழுதுகிறார்கள். நமக்கு முக்கியமாகப் படுவது வேறு இரண்டு ஷரத்துகள். முதலாவது ஷரத்து, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்துக்கு மேலுள்ள ஆகாயத்தில் பூரண அதிகாரம் உண்டு என்று ஒப்புக்கொள்கிறது. இதைப் படித்ததும் தேசபக்தனுக்கு மார்பு விரியும். இருபத்தெட்டாவது ஷரத்து, அந்நாடு தன் எல்லைக்குள் விமான நிலையங்களையும், ரேடியோ ஸேவைகளையும், வானிலை அறிவிப்புகளையும், சர்வதேசத் தரத்துக்கேற்பத் தன்னால் இயன்ற வரையில் அமைத்துத் தர வேண்டும் என்கிறது. இதைப் படிப்பவர் சிலர். நினைவில் வைப்பவர் அதிலும் சிலர். முதல் ஷரத்து உரிமை. பின்னது அதற்குரிய செலவுச் சீட்டு. நமது கருத்தில் இவ்விரண்டையும் பிரிக்க முடியாது. தன் ஆகாயத்தில் போகும் விமானத்தோடு பேச முடியாத சர்க்காருக்கு அந்த ஆகாயத்தின்மீது உள்ள அதிகாரம் காகிதத்தில் மட்டுமே உண்டு.

உடன்படிக்கை 1947 ஏப்ரல் 4-ந் தேதி அமலுக்கு வந்து, சர்வதேச சிவில் விமான ஸ்தாபனம் மாண்ட்ரியல் நகரில் நிலைபெற்றது. அதன் முதற் கவலைகளில் ரேடியோ பிரதானமாயிருந்தது. அந்தக் காலத்து விமானம் வெகுதூரம் பேசுவதற்குச் சிற்றலையைத்தான் நம்பியிருந்தது. சிற்றலை வானத்தின் உயர்ந்த படலத்தில் பட்டுத் திரும்பி ஆயிரக்கணக்கான மைல் போகும் சக்தி உள்ளது. ஆனால் பகலுக்கு ஓர் அலைவரிசை, இரவுக்கு வேறோர் அலைவரிசை என்று மாற்ற வேண்டும். சூரியனில் கொந்தளிப்பு உண்டானால் முற்றும் ஓய்ந்துபோகும். நமது நாட்டுக் கோடை இடி மழையிலோ, வழிகாட்டும் மத்திய அலைத் தூண்களின் ஒலி, வாணலியில் கடுகு வெடிப்பதுபோன்ற இரைச்சலில் மூழ்கிவிடும். இந்த அலைவரிசைகளையும் கப்பல்காரர்கள், ராணுவத்தார், ஒலிபரப்பு நிலையத்தார் என்று பலர் பங்கு கேட்டார்கள். 1947-ல் அமெரிக்காவில் அட்லாண்டிக் நகரத்தில் கூடிய ரேடியோ மகாநாடு இந்தப் பாகப் பிரிவினையைச் செய்து, விமானங்களுக்கென்று தனிப் பகுதிகளை ஒதுக்கியது. 1948 இறுதியில் தென்கிழக்கு ஆசியப் பிரதேசத்து மார்க்கங்களுக்காகப் புதுதில்லியிலேயே மகாநாடு கூடியது. 1949-ல் விமான ரேடியோவுக்கென்று சர்வதேச விதித் தொகுதி அங்கீகரிக்கப்பட்டது. உடன்படிக்கையின் பத்தாவது அனுபந்தம் என்று அதற்குப் பெயர். தில்லியில் 2025-ல் ஓய்ந்துபோன யந்திரமும் அந்த அனுபந்தத்தின் சந்ததியே. அன்று மோர்ஸ் தட்டலாகப் போன செய்தி, பிறகு டெலிப்ரிண்டரில் போயிற்று. இன்று கம்ப்யூட்டரில் போகிறது. செய்தி ஒன்றே.

சுதந்திர இந்தியா இந்தப் பொறுப்பை ஏற்றபோது அதன் கையிருப்பு பெரிதல்ல. மேல்நாட்டிலிருந்து வரும் விமானங்களுக்கெல்லாம் தலைவாசலாக இருந்த கராச்சி, 1947 ஆகஸ்டில் பாகிஸ்தானுக்குப் போயிற்று. எஞ்சியதை வைத்துக்கொண்டுதான் 1948 ஜூன் 8-ந் தேதி இரவு, ஏர் இந்தியா இன்டர்நேஷனல் கம்பெனியின் "மலபார் பிரின்ஸஸ்" பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்குப் புறப்பட்டது. 35 பிரயாணிகள், காப்டன் குஸ்தர் தலைமை. அதற்கு ஆறு மாதம் முந்தி, 1947 டிசம்பர் 10-ந் தேதி, ஏர் சிலோனின் டக்கோட்டா விமானம் இரத்மலானையிலிருந்து யாழ்ப்பாணம் வழியாகச் சென்னைக்கு வந்து, நமது மீனம்பாக்கத்தைச் சுதந்திர காலத்துச் சர்வதேச மார்க்கம் ஒன்றில் சேர்த்தது. அதே 1948-ல் அலகாபாத்தில் சிவில் விமானப் பயிற்சி நிலையம் ஏற்பட்டது. விமானம் வாங்கிய வருஷத்திலேயே ரேடியோக்காரர்களையும் கட்டுப்பாட்டு உத்தியோகஸ்தர்களையும் பழக்குவதற்குப் பள்ளிக்கூடம் திறந்த அந்தக் காலத்து நிர்வாகத்தாருக்கு எதை முன்னே வைப்பது என்ற விவேகம் இருந்தது. இப்போது நிலைமை எப்படி? 2025 ஜூலை 26-ந் தேதி தூத்துக்குடி வாகைக்குளத்தில் ஏறக்குறைய 450 கோடி ரூபாய்ச் செலவில் கட்டிய புதிய பிரயாணிகள் மண்டபத்தைப் பிரதம மந்திரி திறந்துவைத்தார். மண்டபம் வேண்டியதே, நெல்லை, தென்காசி ஜனங்களுக்கு அது நன்மையே. ஆனால் அதைப்பற்றி வெளிவந்த வர்ணனைகளில் கண்ணாடியும் கூரையும் அடைந்த இடத்தில் நூற்றில் ஒரு பங்குகூட, விமானத்தை இறக்கும் ரேடியோ சாதனங்கள் அடையவில்லை. யானை வாங்குவதற்குக் கொட்டு மேளம் போடுகிறோம். அங்குசம் இருக்கிறதா என்று கேட்பாரில்லை.

ஏழை நாடு இத்தனை நிலையங்களுக்கு எங்கே போகும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. அதற்கு வழியும் காணப்பட்டது. அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டும் விமானங்களுக்கு ஐஸ்லாந்தின் ரேடியோவும் வானிலை அறிவிப்பும் இன்றியமையாதவை. சிறிய தீவாகிய ஐஸ்லாந்துக்கோ அச்செலவைத் தாங்கச் சக்தி இல்லை. 1948-ல் ஜினீவாவில் கூடி, அங்கே பறக்கும் நாடுகளே செலவைப் பங்கிட்டுக்கொள்வதென்று ஏற்பாடு செய்தார்கள். நாம் கவனிக்க வேண்டியது இது: சொந்த நிலையத்தைத் தானே நடத்தக்கூடிய நாடு அதைத் தானே நடத்துவதுதான் கௌரவம். இந்தியா அப்படித்தான் செய்தது. ஏராளமான அந்நிய விமானங்கள் நம் ஆகாயத்தைத் தாண்டிச் செல்வதற்குக் கட்டணமும் பெற்றுவருகிறது. கட்டணம் வாங்குகிற கைக்கு, காவல் காக்கிற கடமையும் உண்டல்லவா?

யந்திரம் இருந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. "மலபார் பிரின்ஸஸ்" தன் முதற் பிரயாணத்துக்கு இரண்டரை வருஷத்துக்குள், 1950 நவம்பர் 3-ந் தேதி, ஆல்ப்ஸ் மலையின் மோண் பிளாங்க் சிகரத்தில் மோதி, அதிலிருந்த 48 பேரும் மாண்டனர். பதினைந்து வருஷங்களுக்குப் பின் அதே மலை மறுபடியும் நம்மவரைப் பலி கொண்டது. 1966 ஜனவரி 24-ந் தேதி ஏர் இந்தியாவின் "கஞ்சன்ஜங்கா" என்ற போயிங் விமானம் அங்கே மோதிற்று. இறந்த 117 பேரில் நமது அணு விஞ்ஞான மேதை டாக்டர் ஹோமி பாபாவும் ஒருவர். இவ்விபத்தைப் பற்றிய பிரெஞ்சு விசாரணையின் முடிவு ஒவ்வொரு விமான அதிகாரியும் மனப்பாடம் செய்யத் தக்கது. அவ்விமானம் பெய்ரூத்தை விட்டுக் கிளம்பும்போதே அதன் வழிகாட்டி ரேடியோக்களில் ஒன்று வேலை செய்யவில்லை. மலையைத் தாண்டிவிட்டோம் என்று விமானி தவறாகக் கணித்தார். தரையில் ராடார் பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகஸ்தர் அத்தவறைக் கண்டுகொண்டார். மலைக்கு இன்னும் தூரம் இருக்கிறதென்று சொல்லவும் சொன்னார். ஆனால் அவர் சொன்ன சொற்கள் போதிய அளவு திட்டமாக இல்லாததால், விமானி வேறுவிதமாக அர்த்தம் செய்துகொண்டு தொடர்ந்து கீழே இறங்கினார். ராடார் பார்த்தது சரி, ரேடியோ கேட்டது சரி, சொல் தவறியது. ஒரு வாக்கியத்தின் மயக்கத்தால் 117 உயிர்கள் போயின.

இதைவிடக் கொடிது 1996 நவம்பர் 12-ந் தேதி ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே நடந்தது. தில்லியிலிருந்து கிளம்பிய ஸவூதி விமானம் 14,000 அடியிலும், தில்லிக்கு வந்துகொண்டிருந்த கஜக்ஸ்தான் விமானம் 15,000 அடியிலும் இருக்க வேண்டும் என்பது உத்தரவு. பின்னது அதற்குக் கீழே இறங்கிவிட்டது. அதில் ரேடியோவில் பேசியவர் ஒருவர், விமானத்தை ஓட்டியவர் வேறொருவர். உத்தரவு ஒரு வாயிலிருந்து மற்றொரு காதுக்குப் போவதற்குள் நேரம் கடந்தது. அன்று தில்லியில் உபயோகத்திலிருந்த ராடார், விமானம் எங்கே இருக்கிறதென்று காட்டும். எவ்வளவு உயரத்தில் இருக்கிறதென்று காட்டாது. வருவதற்கும் போவதற்கும் ஒரே பாதை. 349 பேர் இறந்தனர். நீதிபதி லஹோட்டி விசாரணைக்குப் பின்னரே பாதைகள் பிரிந்தன, புதிய ராடார்கள் உபயோகத்துக்கு வந்தன, மோதலை முன்கூட்டி அறிவிக்கும் கருவி கட்டாயமாயிற்று. இவையெல்லாம் முன்பே உலகுக்குத் தெரிந்த சாதனங்கள். பிணங்களை எண்ணிய பிறகே பணப்பெட்டியைத் திறப்பது என்ற வழக்கம் அந்நிய ஆட்சிக்குப் பொருந்தியிருக்கலாம். ஜனநாயக சர்க்காருக்குப் பொருந்தாது.

மொழி விஷயமாக இங்கே ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக்கு வந்து போகும் விமானங்களில் பிரயாணிகளுக்குத் தமிழில் அறிவிப்புச் செய்ய வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. நாம் அதை ஆதரிக்கிறோம். ஆனால் விமானியும் தரை நிலையத்தாரும் பேசிக்கொள்வது வேறு காரியம். அந்த ஓர் அலைவரிசையில் பத்து விமானங்கள் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பக்கத்து விமானத்துக்குக் கொடுத்த உத்தரவு தனக்கும் விளங்கினால்தான் தன் வழியில் இருக்கும் அபாயம் விமானிக்குத் தெரியும். கனடாவில் கியூபெக் மாகாணத்தார் பிரெஞ்சு மொழிக்காக 1976-ல் பெரும் போராட்டம் நடத்தினார்கள். இரு மொழியிலும் பேசுவதால் அபாயமில்லை என்று விசாரணைக் கமிஷன் சில வருஷங்களில் தீர்ப்புச் சொல்லியது. அங்கே இரண்டு மொழி. நம் ஆகாயத்தில் வருபவரோ நூறு தேசத்தார். ஆகவே சர்வதேச விதிப்படி ஆங்கிலத்தில் பேசத் தேர்ச்சி பெற்றாக வேண்டும் என்று 2008-ல் அமலுக்கு வந்த ஏற்பாட்டை நாம் ஆக்ஷேபிக்கவில்லை. நமது ஆக்ஷேபம் வேறு: ரேடியோ, ராடார், ஆகாய வழிகாட்டல் ஆகியவற்றை விளக்கும் நல்ல தமிழ் நூல்கள் விரல் விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கின்றன. புளியங்குடிப் பள்ளிக்கூடத்தில் படிக்கும் பையன் தலைக்கு மேலே போகும் விமானத்துக்கு யார் வழி சொல்கிறார்கள் என்று கேட்டால், அவன் பாஷையில் பதில் சொல்லும் புத்தகம் அவன் கைக்கு எட்ட வேண்டும். கட்டுப்பாட்டு உத்தியோகஸ்தர் உத்தியோகத்துக்கு மனுப்போடும் தமிழ் இளைஞர்கள் பெருக வேண்டுமானால் காரியம் அங்கேதான் ஆரம்பிக்க வேண்டும்.

நிலத்துக்கு மேலே நிலையங்களை வைத்துச் சமாளித்துவிடலாம். வங்காள விரிகுடாவுக்கு மேலே என்ன செய்வது? சென்னைக்கும் போர்ட் பிளேருக்கும் இடையே 1,300 கிலோமீட்டருக்கு மேல் கடல். நடுக்கடலில் மிகக் குறுகிய அலை எட்டாது. பல பத்தாண்டுகளாகச் சென்னை நிலையத்தார் சிற்றலையின் இரைச்சலுக்கிடையே விமானிகளின் குரலைப் பொறுக்கி எடுத்து வேலை செய்து வந்தார்கள். இந்த நூற்றாண்டில்தான் செயற்கைக்கோள் வழியாக எழுத்துச் செய்தியே அனுப்பும் முறை சென்னையிலும் கல்கத்தாவிலும் ஏற்பட்டது. ஆயினும் கடலின் மௌனம் எவ்வளவு ஆழமானது என்பதை 2014 மார்ச் 8-ந் தேதி 239 பேருடன் மறைந்த மலேசிய விமானம் காட்டியது. கோலாலம்பூர் நிலையத்தார் அதற்கு விடை கொடுத்துவிட்டார்கள். வியட்நாம் நிலையத்தார் அதன் குரலையே கேட்கவில்லை. ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறும் அந்த இடைவெளியில் அது காணாமற்போயிற்று. அதன் பிறகே, சமுத்திரத்துக்கு மேலே செல்லும் பெரிய விமானங்களின் இருப்பிடம் பதினைந்து நிமிஷத்துக்கு ஒருமுறை தெரிய வேண்டும் என்ற சர்வதேச விதி 2018 நவம்பரில் அமலுக்கு வந்தது.

செயற்கைக்கோள் வந்துவிட்டது, இனித் தரை ரேடியோ எதற்கு என்று பேசுகிறவர்கள் உண்டு. செலவைக் குறைக்கும் யோசனை என்றால் சில அதிகாரிகளுக்கு அதில் தனி ருசி. அவர்கள் கவனத்துக்குச் சில செய்திகளைச் சொல்கிறோம். 20,000 கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து வரும் ஜி.பி.எஸ். ஒலி மிக மெலிந்தது. தரையிலிருந்து சிறிது பலமாக இரைச்சலிட்டால் அது கேளாது. அதைவிட மோசம், அதே குரலில் பொய் பேசுவது. விமானம் தான் இல்லாத இடத்தில் இருப்பதாக நம்பிவிடும். 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரையில் இவ்விதக் குறுக்கீடுகள் 465 நேர்ந்தன, பெரும்பாலும் அமிர்தசரஸ், ஜம்மு எல்லைப் பகுதியில், என்று சர்க்காரே பார்லிமெண்டில் தெரிவித்தது. எல்லையோடு அது நின்றுவிடவில்லை. 2025 டிசம்பரில் மந்திரி ராஜ்ய சபையில் அளித்த பதிலில் தில்லி, பம்பாய், கல்கத்தா, பங்களூர், ஹைதராபாத் ஆகியவற்றோடு சென்னையின் பெயரும் இருந்தது. ஜி.பி.எஸ். அமெரிக்காவின் சொத்து என்பதையும் மறக்கக்கூடாது. நமது சொந்த "நாவிக்" தொகுதியோ, கடிகாரங்கள் பழுதானதால் சோர்ந்திருக்கிறது. 2023 மே மாதம் அனுப்பிய புதிய கோள் நிலைபெற்றது, 2025 ஜனவரியில் அனுப்பியது உரிய பாதையை அடையவில்லை. விஞ்ஞானிகளைக் குறை கூற நாம் விரும்பவில்லை. இந்த வேலை கடினமானது. கடினமானது என்பதனாலேயே பழைய ஏணியை உதைத்துத் தள்ளிவிடக் கூடாது என்கிறோம். செயற்கைக்கோள் கைவிட்டபோது விமானிகள் எதைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்? தரையில் நட்டுவைத்த ரேடியோத் தூண்களையே. குறைந்தபட்சத் தரைச் சாதனங்களைக் கைவிடாமல் வைத்திருக்கிறோம் என்று அதே பதிலில் மந்திரி சொன்னதை நாம் வரவேற்கிறோம்.

குறைந்தபட்சம் என்றால் எத்தனை என்பதுதான் தெரிய வேண்டும். சென்னை, திருச்சி, மதுரை, திருவனந்தபுரம் ஆகிய இடங்களிலுள்ள வழிகாட்டித் தூண்களில் எவை நிலைத்திருக்கும், எவை எடுக்கப்படும் என்பதைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும். விமான ரேடியோவில் பேச அனுமதிச் சீட்டு வழங்கும் வேலை, 2025 ஜனவரி முதல் அமலுக்கு வந்த புதிய விமானச் சட்டத்தின்படி, தந்தி இலாகாவிலிருந்து சிவில் விமான டைரக்டர் ஜெனரலிடம் மாறியிருக்கிறது. ஒரே கையில் பொறுப்பு சேர்வது நல்லது. பரீட்சை இலகுவாகிவிடாமல் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது. கட்டுப்பாட்டு உத்தியோகஸ்தர்கள் போதாமையைப் பற்றிப் பார்லிமெண்டுக் கமிட்டி 2025-ல் கண்டித்து எழுதியிருக்கிறது. இரவு வேலையில் கண் சொருகும் ஒருவர் சொல்லும் ஒரு சொல் எங்கே கொண்டுவிடும் என்பதை மேலே சொன்ன இரண்டு விபத்துக்களும் கூறும்.

நமது தொண்டர்கள் ஊருக்கு ஊர் கூட்டம் போட்டுத் தங்கள் பக்கத்தில் விமான நிலையம் வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றுகிறார்கள். அந்தத் தீர்மானத்தில் இன்னொரு வரியைச் சேர்த்துத் தென்காசி, திருநெல்வேலி, மதுரை, சென்னைத் தொகுதிகளின் அங்கத்தினர்களிடம் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். தில்லியில் ஓய்ந்துபோன செய்தி யந்திரத்தைப் போன்றது சென்னையில் எந்த வருஷம் பொருத்தப்பட்டது? அது நின்றால் ஏற்று நடத்தும் மாற்று எங்கே வைக்கப்பட்டிருக்கிறது? அந்த மாற்றைக் கடைசியாக ஓட்டிப் பார்த்த தேதி என்ன? இந்த மூன்று கேள்விகளையும் பார்லிமெண்டில் போட்டு, மந்திரியின் பதிலை எழுத்தில் வாங்கி ஊருக்குக் கொண்டுவரட்டும்.